சொல்லாத ஏழெட்டு

அந்த வீட்டில் ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது. கெட்ட வார்த்தைகளைத் தாராளமாகச் சொல்லலாம். வண்டிகளுக்குச் சீட் தைக்கிறவளின் வீடு அது. கெட்டி ரெக்சினில் ஊசி முறியும்போது அவள் வாயில் வருவதை எழுதினால் காகிதம் கூசும். சொல்லக் கூடாத வார்த்தை 'ஏழெட்டு'. ஏழெட்டுப் பேர் வந்தார்கள், ஏழெட்டு நாள் ஆகும் என்று ஊரே நாள் முழுக்கச் சொல்லித் திரிகிற சாதுவான வார்த்தைதான். அவர்கள் வீட்டுக்கு ஆறேழு பேர் வருவார்கள், கூட்டம் அதிகமென்றால் எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். நடுவில் உள்ள அந்தக் கணக்குக்கு மட்டும் யாரும் வரவே மாட்டார்கள்.

காரணம் அவள் புருஷனுடைய பெல்ட்.

அவன் லாரி டிரைவர். தங்கமான மனுஷன் என்று கூட ஓடுகிறவர்கள் சொல்வார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்ததில்லை. லோடு இறக்கிவிட்டு வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், ஏப்பம் விடுவான், பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பான். தனக்குப் படிப்பு வராமல் போன ஆத்திரத்தை எல்லாம் பிள்ளைகளின் முதுகில் வசூல் செய்வான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு. ஒன்பது வயது அவளுக்கு. ஏழேழு நாற்பத்தொன்பது வரை மூச்சு விடாமல் ஓடிவந்தாள். அந்த நேரம் பார்த்து ஐந்து வயதுத் தம்பி, அக்காவின் ராகத்திலேயே என்னவோ உளறிக்கொண்டு குறுக்கே வந்தான். டிரைவர் கையை வீசி ஓர் அறை விட்டான். பையன் சுவரில் மோதி உட்கார்ந்தான், மூக்கில் ரத்தம் இறங்கியது. டிரைவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏழெட்டு?" என்றான்.

மகள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏழெட்டு எவ்வளவுடி?"

பெல்ட்டை உருவினான். முதலில் தோல் பக்கம், பிறகு பக்கிள் பக்கம். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அதே கேள்வி. பக்கிள் புருவத்தைக் கிழித்தது, காதைக் கிழித்தது, தோளெலும்பில் 'ணங்' என்று பட்டது. அவள் அழவில்லை, ஓடவில்லை, பதிலும் சொல்லவில்லை. சீட் கடையில் வேலை முடித்துப் பையோடு உள்ளே வந்த அம்மா பார்த்தது, சுவரோடு ஒட்டி நிற்கும் பிள்ளையையும், அவள் முகம் முழுக்க ரத்தத்தையும், மறுபடி ஓங்கிய கையையும்தான். பையில் கையை விட்டாள். ஸ்பாஞ்சைச் சட்டத்தில் இறுக்கித் தட்ட வைத்திருந்த கொட்டாப்புளி கையில் வந்தது. மரத்தால் ஆன அந்தக் கனத்த சுத்தியலை ஓங்கியிருந்த மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் வெளியே தெருவுக்குக் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்ட நேரத்தில் இரண்டு பிள்ளைகள், ஒரு பை, ஒரு கொட்டாப்புளி, இவ்வளவோடு கிளம்பியவள் வேறோர் ஊரில் போய் நின்றாள்.

புது ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். முதல் வாரமே கணக்கு வாத்தியார் மகளை எழுப்பி வாய்ப்பாடு கேட்டார். பாழாய்ப்போன ஏழாம் வாய்ப்பாடேதான். நாற்பத்தொன்பதோடு அவள் நின்றுவிட்டாள். வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது. சாயங்காலம் மகள் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்த அம்மா, வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை பன் போல உப்பியிருந்தது. மறுநாள் காலை வகுப்புக்குள் போய், வாத்தியார் கையிலிருந்த பிரம்பை வாங்கி, முழங்காலில் வைத்து ஒடித்து, மேஜைமேல் பக்குவமாக வைத்தாள். "இன்னொரு தடவ இத எடுத்தீங்கன்னா ஒடிக்கறதுக்குப் பிரம்பத் தேட மாட்டேன் சார்" என்றாள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றோடு பள்ளிக்கூடம் வீட்டுக்குக் குடிவந்தது.

வீடு என்றால் தெருவைப் பார்த்த ஓர் அறை, உள்ளே ஓர் அறை. முன்னறையில் மோட்டார் வைத்த கனத்த தையல் மிஷின், ரெக்சின் சுருள்கள், கூரை முட்ட ஸ்பாஞ்சு மூட்டைகள். பைக் சீட், லாரி சீட், சலூன் நாற்காலி என்று உட்காரும் இடம் எதுவாக இருந்தாலும் அவளிடம் வரும். ஊரில் பாதிப் பேர் உட்காருவது அவள் தையல்மேல்தான் என்று எதிர்ப்பட்டறை வெல்டர் சொல்வார். ஆள் மலை போல இருப்பார். கரப்பான் பூச்சியைக் கண்டால் மட்டும் ஸ்டூல்மேல் ஏறிவிடுவார்.

பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். மகள் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் திருகிக் கழற்றிவிடுவதால் 'திருகாணி'. மகன் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் அவன் பெயரே 'ஏன்'. "ஏன், இங்க வா" என்று வெல்டர் கூப்பிட்டால், "ஏன்?" என்றுதான் அவன் வருவான்.

பத்தாவதோடு படிப்பை விட்டவள் பாடம் நடத்துவது எப்படி? அவளுக்கும் தெரியவில்லை. ஸ்டேஷனரி கடையில் தடித்த பிளானர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. யாரோ ஆபீஸ்காரர்களுக்காக அச்சடித்தது. ஒவ்வொரு வாரத்துக்கும் 'டார்கெட்', 'மீட்டிங்', 'ரிசல்ட்', 'ஃபாலோ அப்' என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றையும் அடித்துவிட்டு மேலே 'நெனச்சது', 'நடந்தது', 'தானா வந்தது' என்று எழுதினாள். ஃபாலோ அப்பை மட்டும் அப்படியே விட்டாள்.

ஒரு வாரத்தில் நெனச்சது: பின்னம். நடந்தது: ஓர் ஆரஞ்சுக்காக அடிதடி. தானா வந்தது: எட்டுச் சுளையில் அக்காவுக்கு ஐந்து, தனக்கு மூன்று என்றால் அது பாதி இல்லை என்று தம்பி அழுதுகொண்டே நிரூபித்தது. இன்னொரு வாரம் நெனச்சது: இலைகளின் வகை. நடந்தது: பல்லி. தானா வந்தது: துண்டான வால் எவ்வளவு நேரம் துடிக்கும் என்று திருகாணி கடிகாரம் வைத்துப் பார்த்தது, பல்லிக்கு வலிக்குமா என்று இருவரும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டை போட்டது. நெனச்சதும் நடந்ததும் ஒத்துப்போன வாரம் அபூர்வம். ஆரம்பத்தில் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போகப்போக, மூன்றாவது கட்டம் நிறைந்திருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தைப்பாள். பிள்ளைகள் எதையாவது கண்டுபிடித்துக் கத்தினால் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுதுவாள்.

நான்காவது கட்டத்தில், ஃபாலோ அப்பில், வாராவாரம் ஒரே வார்த்தைதான்: 'அது'. அதாவது ஏழெட்டு. அடித்து விரட்டப்பட்ட அந்த எண் என்றைக்காவது தானாகத் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தாள். பட்டன்களை ஏழு ஏழாக எட்டு வரிசை அடுக்கி மகள் கண்ணில் படும்படி வைத்துப் பார்த்தாள். மகள் பட்டன்களை அள்ளி டப்பாவில் போட்டாள். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் "ஏழெட்டு நாள் ஆகுமாக்கா?" என்று கேட்டபோது திருகாணி கையிலிருந்த கத்தரியைக் கீழே போட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மனிதர் சீட்டையும் அம்மா தைக்கவில்லை. அதோடு அந்த வார்த்தைக்கு வீட்டில் தடை. 'அது' மட்டும் வாரம் தவறாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள், என் பிள்ளையின் தலைக்குள் ஓர் இடத்தை இடித்துப் போட்டுவிட்டார்கள் என்று அவள் மனசு கொதிக்கும். கொதிப்பு தாங்காமல் போனால் கொட்டாப்புளியால் ஸ்பாஞ்சை அடிப்பாள். அடி வாங்கிய சீட்டுகள் எல்லாம் நன்றாகவே அமைந்தன.

பாடத்துக்கு அந்த வீட்டில் இருந்த சட்டம் ஒன்றே ஒன்று: கழற்றியவர்தான் மாட்ட வேண்டும். பெரியவர்கள் கை வைக்கக் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. இந்தச் சட்டத்தால் மின்விசிறி இல்லாமல் வெயில் காலத்தில் பாதியை ஓட்டியிருக்கிறார்கள்.

அந்த வாரம் திருகாணிக்கு வாசல் பூட்டு. கதவுக்குள்ளேயே பதிந்த பழைய பூட்டு. சாவி சிக்கிக்கொண்டே இருந்தது. அம்மா ரொம்ப யோசித்துத்தான் சரி என்றாள். நெனச்சது: திங்கள் கழற்றுவது, செவ்வாய் துடைத்து எண்ணெய் போடுவது, புதன் மாட்டுவது. நடந்தது: பூட்டோடு சேர்த்துத் தாழ்ப்பாளையும் கழற்றியது, "ரெண்டும் எப்படி வேற வேற மாதிரி வேலை செய்யுதுன்னு பாக்கறதுக்கு". புதன்கிழமை எல்லாவற்றையும் சேர்க்கும்போது உள்ளே இருந்த குட்டி ஸ்பிரிங் 'டிங்' என்று தெறித்து எங்கோ போய்விட்டது. கதவில் ஓட்டை மட்டும் மிச்சம்.

"நான் ஒரு கொக்கி வச்சு வெல்டு பண்ணித் தரட்டா? அஞ்சு நிமிஷ வேலை" என்றார் வெல்டர்.

"வேண்டாம்ணா. அவ கழட்டினது. அவளே மாட்டட்டும்" என்றாள் அம்மா.

கதவுக்கு ஒரு நாற்காலியையும் ஒரு ஸ்பாஞ்சு மூட்டையையும் முட்டுக் கொடுத்தாள். ஸ்பாஞ்சை முட்டுக் கொடுத்த கதவு யாரைத் தடுக்கும்? அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று இருந்தாள். அவர்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடக்காது.

டிரைவர் அவளைத் தேடிக்கொண்டேதான் இருந்தான். மணிக்கட்டு கோணலாகக் கூடி, வலது கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல், கிளீனர் வேலைக்கு இறங்கியிருந்தான். ஒரு நாள் எவனுடைய லாரியிலோ ஏறி உட்கார்ந்தவன் சீட்டின் மூலையைத் தடவிப் பார்த்தான். மூலைத் தையலில் மூன்று குறுக்குப் போட்டு முடிப்பது அவள் வழக்கம். வேறு யாரும் அந்தச் சள்ளை பிடித்த வேலையைச் செய்ய மாட்டார்கள். "இத எங்க தச்ச?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. பிள்ளைகள் இருவரும் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைத் தரையில் இழுத்து ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி தானாக நகர்வதை முதலில் பார்த்தது மகன்தான். மூட்டை சரிந்தது. கதவு திறந்தது.

"அடடே, பூட்டுகூடப் போடாம எனக்காகத் தொறந்து வச்சிருக்கியா?" என்றான் டிரைவர்.

அவள் மோட்டாரை நிறுத்தினாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வெளிய போங்க" என்றாள்.

"போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? பொண்ண ஹாஸ்டல்ல போடறேன். அடிக்கிற ஹாஸ்டலாப் பாத்து வச்சிருக்கேன். அங்கதான் படிப்பு வரும். ஏய், கிளம்புடி."

மேஜைமேல் விரித்திருந்த பிளானரை இடது கையால் எடுத்துப் புரட்டினான். "தானா வந்தது... பல்லி வாலு" என்று படித்துவிட்டுச் சிரித்தான். "இதுக்குப் பேரு படிப்பா? ரெண்டு வருஷமா பல்லி வால எண்ணிக்கிட்டா இருக்கீங்க?" பிளானரைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் மோதிப் பிரிந்து விழுந்தது. அப்படியே குனிந்து மகளின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான்.

அம்மா பாய்ந்தாள். அவன் முழங்கையை மடக்கி அவள் வாயில் குத்தினான். உதடு பிளந்து பல் ஒன்று ஆடியது. அவள் விடவில்லை, அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஏன் அடிக்கிறீங்க?" என்று மகன் கேட்டான்.

டிரைவர் அவளை உதைத்தான்.

"ஏன் அடிக்கிறீங்க? ஏன்?" அழுகை இல்லை, கத்தல் இல்லை. பல்லி வாலைப் பற்றிக் கேட்ட அதே குரலில் கேட்டான். டிரைவர் அவன் பக்கம் திரும்பினான். பையனை ஒரே கையால் தூக்கி வீசினான். அவன் செய்தித்தாளில் பரப்பியிருந்த பூட்டுச் சாமான்கள்மேல் போய் விழுந்தான். கை உடம்புக்கு அடியில் மடங்கியது. அவன் அலறல் அந்த அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

அதைக் கேட்டதும் அம்மாவுக்குக் கண் இருண்டது. மேஜையில் கிடந்த குத்தூசியை எடுத்து டிரைவரின் தொடையில் பிடி வரைக்கும் ஏற்றினாள். அவன் கத்திக்கொண்டே அவள் தலையைப் பிடித்து மிஷின் விளிம்பில் மோதினான். மறுபடி மோதினான். ரத்தம் நெற்றியில் இறங்கி இமையை ஒட்டியது. மூன்றாவது மோதலில் கால் மடங்கி மேஜைக்கு அடியில் சரிந்தாள்.

குத்தூசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு டிரைவர் பெல்ட்டை உருவினான். இந்த முறை இடது கை. திருகாணி சுவரோரம் நின்றாள், கையில் ஸ்பிரிங் இல்லாத பூட்டு.

"அன்னைக்கு விட்ட எடத்துலேருந்து ஆரம்பிக்கலாமா? ஏழெட்டு எவ்வளவு?"

வாயைத் திறக்கவில்லை அவள். பெல்ட் கழுத்தில் சுற்றி விழுந்தது. தோல் கன்றிச் சிவந்து கோடாக எழும்பியது.

"ஏழெட்டு?"

இரண்டாவது அடி தோளில். பக்கிள் பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே இறங்கியது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேஜைக்கு அடியிலிருந்து அம்மா கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். "சொல்லிருடி... என் தங்கமே, எதையாவது சொல்லிரு. ஏழெட்டு எவ்வளவு, வாய்க்கு வந்தத சொல்லிருடி..."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பெல்ட் அடிக்கெல்லாம் அசையாத முகம் அப்போதுதான் கோணியது.

டிரைவர் சிரித்தான். "ஒங்கம்மாவே கேக்கறா, அவளுக்கும் பதில் இல்லையா?" கையை ஓங்கினான்.

மேஜைக்கு அடியில் தடவிய அம்மாவின் கையில் கொட்டாப்புளி தட்டுப்பட்டது. எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "டேய்!" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆச்சரியத்தில் அவன் திரும்பினான். ஓங்கிய இடது மணிக்கட்டில் அடி விழுந்தது. பெல்ட் பறந்தது. அடுத்தது முழங்காலில். அவன் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். இரண்டு கையும் இப்போது சரிசமம் ஆகிவிட்டது. அவளுக்கு அது போதவில்லை. அவன் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி, தலைக்குக் குறிவைத்து இரண்டு கையாலும் ஓங்கினாள். பிளந்துவிட வேண்டும், இந்த மண்டைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் அந்த நொடி அவளுக்கு இருந்தது.

ஓங்கிய கையை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். சின்னக் கை.

"போதும்மா" என்றாள் திருகாணி. "அந்த ஆளு விழுந்துட்டாரு. போதும்."

அம்மா கையை இறக்க வெகுநேரம் ஆனது.

வெல்டிங் முகமூடியைக்கூடக் கழற்றாமல் வெல்டர் ஓடிவந்தார். அறையைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், எழுந்திருக்க முயலும் டிரைவரைப் பார்த்தார். அடிக்கத் தெரியாத மனிதர் அவர். போய் அவன்மேல் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வரும்வரை எழவில்லை. "நான் யாரையும் அடிக்கலீங்க சார், உக்காந்துதான் இருந்தேன்" என்று முகமூடிக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டே வாக்குமூலம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மகன் கைக்கு மாவுக்கட்டு. மூடியிருந்த விரல்களை நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது உள்ளங்கைக்குள் குட்டி ஸ்பிரிங் இருந்தது. விழுந்த இடத்தில், சரிந்து கிடந்த மூட்டைக்கு அடியில் கிடைத்ததாம். "அக்கா, இந்தா" என்று நீட்டினான்.

பிறகு நர்ஸ் அம்மாவின் தலைக்கு வந்தாள். முடியை விலக்கிப் பஞ்சால் துடைத்துவிட்டு, "ஆழமாத்தான் இருக்கு. ஏழெட்டுத் தையல் விழும்" என்றாள்.

அம்மா விறைத்துப்போனாள். மகன் மூச்சை அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "பயப்படாதீங்க, மரத்துப்போற ஊசி போட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

திருகாணி பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பிரிங்கை விரலால் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பார்த்தாள். கழுத்தில் மருந்து பூசியிருந்தார்கள்.

"ஏழெட்டு ஐம்பத்தாறும்மா" என்றாள்.

அம்மாவுக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "என்னடி சொன்ன?"

"ஐம்பத்தாறு. எனக்கு அன்னைக்கே தெரியும். தம்பிய அறைஞ்சாரு இல்ல? மூக்குல ரத்தம் வந்துச்சு. திரும்பிப் பாக்காம எங்கிட்ட ஏழெட்டுங்கறாரு. அந்த ஆளுக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். வாத்தியாரு பிரம்ப வச்சுக்கிட்டுக் கேட்டாரு. அவருக்கும் சொல்லல."

"அப்புறம் எதுக்குடி அந்தப் பேச்சு வந்தாலே உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்ட?"

"பெல்ட்டு ஞாபகம் வரும்ல. அதுவேற, இதுவேற."

அம்மாவுக்கு வாராவாரம் எழுதிய 'அது' எல்லாம் கண்முன் வந்தது. எதையோ இடித்துப் போட்டுவிட்டார்கள் என்று எவ்வளவு அழுதிருக்கிறாள்! எதுவும் இடியவில்லை. பிள்ளை உள்ளே பூட்டி வைத்திருந்திருக்கிறாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி. ரெண்டு வருஷம்டி!"

திருகாணி நிமிர்ந்து பார்த்தாள். "நீ கேக்கவே இல்லையேம்மா. இன்னைக்குத்தான் மொத மொதல்ல கேட்ட. அதுவும் அந்த ஆளுக்காகக் கேட்ட."

பிறகு தலையில் விழுந்த தையல் எதுவும் அம்மாவுக்கு வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது வெல்டர் தரையைக் கழுவி வைத்திருந்தார். பிளானரின் தாள்களைப் பொறுக்கி, வரிசை தெரியாமல் குத்துமதிப்பாக அடுக்கி, ரெக்சின் நூலால் கட்டியும் வைத்திருந்தார். "ராத்திரிக்கு மட்டும் ஒரு கொக்கி..." என்று ஆரம்பித்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் மாட்டிடுவேன்" என்றாள் திருகாணி.

உள்ளே தள்ளியிருக்கும் ஆள் நாளைக்கே வெளியே வரலாம், வராமலும் போகலாம். போலீஸ்காரர் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அந்தப் பூட்டைப் பிடுங்கித் தானே மாட்டிவிட வேண்டும் என்று கை துடித்தது. கையை மடியில் வைத்து மற்றக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் கதவருகே சம்மணம் போட்டு, ஸ்பிரிங்கை இடுக்கியால் பிடித்து இடத்தில் உட்கார வைத்தாள். தம்பி மாவுக்கட்டு இல்லாத கையால் டார்ச் அடித்தான்.

அம்மா பிளானரைப் பிரித்து அந்த வாரத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். நெனச்சது: பூட்டு மாட்டுவது. நடந்தது என்ற கட்டத்தில் முன்பு எழுதியதற்குக் கீழே, பூட்டு மாட்டியது என்று முன்கூட்டியே எழுதி மூடப் போனாள்.

திருகாணி எட்டிப் பார்த்தாள். "அப்பா வந்தத எழுதலியா?"

"எழுதல."

"ஏன்?" என்றான் மகன்.

"அது பாடம் இல்லடா. அடி பாடம் இல்ல. அந்த ஆளு அடிச்சதும் இல்ல, நான் அடிச்சதும் இல்ல."

ஃபாலோ அப் கட்டத்தில் 'அது' இருந்தது. அதை அடிக்கப் பென்சிலை எடுத்தவள் நிறுத்தினாள். மகள் மறுபடி பூட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள். கழுத்துச் சிவப்பு அப்படியே இருந்தது. ஒரு சின்னக் கேள்வி கேட்பதற்கு இப்படிப் பயப்படுவோம் என்று அம்மா நினைத்ததே இல்லை. கேட்க வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கேட்காமலேயே இரண்டு வருஷத்தை ஓட்டியவள் அவள்தானே?

"ஏண்டி" என்றாள் மெதுவாக. "ஏழெட்டு எவ்வளவு?"

தம்பியின் டார்ச் வெளிச்சம் ஆடியது. திருகாணி திரும்பவில்லை. கடைசித் திருகைப் பாதி முடுக்கியிருந்தாள்.

"ஐம்பத்தாறு" என்றாள். "அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர எடும்மா."